தெருப் பொங்கல் விழாவுக்கு அனுமதி: "எல்லாம் நானே முடித்துத் தருகிறேன்" என்பவரை நம்பலாமா?

கேள்வி: மேற்கு மாம்பலத்தில் எங்களுடையது சின்னத் தெரு. பொங்கல் வாரத்தில் ஒரு நாள் மாலை கோலப் போட்டி, உறியடி, பிள்ளைகளின் நடனம், கடைசியாக மெல்லிசை என்று தெருவிலேயே விழா வைக்கப் போகிறோம். மைக் செட்டுக்கும் தெருவை அடைப்பதற்கும் அனுமதி வேண்டுமாம். பக்கத்துத் தெருக்காரர் ஒருவர், "ஸ்டேஷன், கார்ப்பரேஷன், ஈ.பி. எல்லாம் சேர்த்து 18,000 கொடுங்கள், நானே முடித்துத் தருகிறேன். பண்டிகை நாள்தானே, 12 மணி வரைக்கும் பாட்டுப் போடலாம்" என்கிறார். எங்கள் பொருளாளர் 5,000 முன்பணமும் கொடுத்துவிட்டார். நாங்களே போய்க் கேட்டால் அனுமதி கிடைக்காதா? – குடியிருப்போர் சங்கச் செயலாளர்

பதில்: முதலில் அந்த 5,000 ரூபாயைத் திருப்பி வாங்குங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நீங்களே மனு கொடுக்கலாம். நடுவில் ஒருவர் வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. "சங்கம் ரிஜிஸ்டர் ஆகாவிட்டால் மனுவையே வாங்க மாட்டார்கள்" என்று அவர் பயமுறுத்தியிருந்தால் அதையும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். நாளைக்கு ஏதாவது தகராறு என்றால் யாரைக் கூப்பிடுவது என்பதுதான் காவல்துறைக்குத் தெரிய வேண்டும். பெயர், முகவரி, கைபேசி எண்ணோடு பொறுப்பேற்க இரண்டு பேர் இருந்தால் போதும்.

மைக் செட் விஷயத்துக்கு வருவோம். மத்திய அரசின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, ஒலிபெருக்கி வைக்க எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும். அந்த அனுமதியை யார் தரலாம் என்பதும் அதிலேயே இருக்கிறது: மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர், அல்லது டி.எஸ்.பி. பதவிக்குக் குறையாத, அதற்கென்று நியமிக்கப்பட்ட அதிகாரி. சென்னை நகரில் அந்தப் பதவிக்கு நிகரானவர் உதவி ஆணையர். மனு உங்கள் காவல் நிலையம் வழியாகப் போகும், ஆய்வாளர் குறிப்பு எழுதுவார், கையெழுத்து மேலே நடக்கும். "இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லிட்டேன், ஓ.கே. சொல்லிட்டார்" என்று ஒருவர் வந்து சொன்னால் அது அனுமதி ஆகாது. அன்றைக்கு இரவு எதிர்வீட்டுக்காரர் 100-க்குப் போன் செய்தால், ரோந்து வண்டியில் வருபவரிடம் காட்ட உங்கள் கையில் ஒரு காகிதமும் இருக்காது. தரகர்களில் பாதிப் பேர் விற்பது இந்த வாய்வார்த்தையைத்தான். தெரிந்த ஏட்டய்யாவிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிட்டு உங்களிடம் பதினெட்டாயிரம் வாங்குவார்.

தெருவில் கூட்டம் கூடுவதற்கும் தனியாக அனுமதி உண்டு. சென்னை நகரக் காவல் சட்டம் 1888-இன் 41-ஆம் பிரிவின் கீழ், பொது இடத்தில் கூட்டம் நடத்துபவர்கள் 5 நாளுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். அதன் கீழ் பதினைந்து பதினைந்து நாளாக, அனுமதியின்றிக் கூட்டம் கூடாது என்ற அறிவிப்பைப் புதுப்பித்துக்கொண்டே வருகிறார்கள். அரசியல் கூட்டத்துக்காகப் போட்ட வலையில் உங்கள் கோலப் போட்டியும் மாட்டிக்கொள்கிறது. புலம்பி என்ன செய்ய, விண்ணப்பித்து விடுங்கள். மைக், கூட்டம், தெருவை அடைப்பது மூன்றையும் ஒரே கடிதத்தில் கேட்கலாம். சட்டம் 5 நாள் என்றாலும் நீங்கள் மூன்று வாரம் முன்னாலேயே கொடுங்கள். பொங்கலுக்கு முந்தைய வாரத்தில் காவல் நிலையத்தில் யாருக்கும் நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்காது.

கடிதத்தில் சுற்றி வளைக்காதீர்கள். எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரைக்கும் அடைப்பீர்கள், வண்டிகள் எந்தப் பக்கமாகச் சுற்றிப் போகலாம், எத்தனை ஸ்பீக்கர், என்ன ஸ்பீக்கர் என்று எழுதுங்கள். பாக்ஸ் ஸ்பீக்கர் என்றே எழுதுங்கள். கூம்பு ஸ்பீக்கர் என்றால் உடனே மறுத்துவிடுவார்கள். ஆம்புலன்ஸ் நுழைய ஒரு பக்கம் வழி விடுவோம் என்ற வரியும் இருக்கட்டும். தெருவை ஒட்டி ஆஸ்பத்திரி இருந்தால் மேடையை மறுமுனைக்குக் கொண்டுபோங்கள். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அந்த விதிகள் கருதுகின்றன. எந்த இடத்துக்கு அது பொருந்தும் என்ற வாதத்தை வக்கீல்கள் பார்த்துக்கொள்வோம், உங்களுக்கு வேண்டாம்.

மனுவை இரண்டு பிரதியாக எடுத்துப் போங்கள். ஒன்றில் தேதியும் முத்திரையும் வாங்காமல் வெளியே வராதீர்கள். "வெச்சுட்டுப் போங்க, பாத்துக்கறோம்" என்று சொன்னால், வெளியே வந்த உடனே அதே மனுவை, சேர்ந்ததற்கான ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் உதவி ஆணையர் அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள். கட்டணம் ஏதாவது உண்டென்றால் அதற்குச் சலானோ இணையவழி ரசீதோ இருக்கும். ரசீது இல்லாதது கட்டணம் இல்லை.

மாநகராட்சி பக்கம் உங்கள் வேலை கொஞ்சம்தான். மண்டல அலுவலகத்திலும் வார்டு ஏ.இ.யிடமும் (உதவிப் பொறியாளர்) கடிதம் கொடுங்கள். பந்தல் கால் நட ரோட்டில் குழி தோண்டாதீர்கள். மணல் மூட்டையிலோ இரும்புத் தட்டிலோ கால் நிறுத்தும் பந்தல்காரர்கள் இருக்கிறார்கள். மறுநாள் காலையில் குப்பையை அள்ளுவது உங்கள் பொறுப்பு என்றும் எழுதிக் கொடுத்துவிட்டால் ஏ.இ.க்கு மறுக்கக் காரணம் இருக்காது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு ஆற்றாமை உண்டு. விநாயகர் சதுர்த்திச் சிலை வைப்பதற்கு 2018-இல் அரசாணை போட்டு, நில உரிமையாளர், தீயணைப்பு, மின்வாரியம் என்று யார் யாரிடம் தடையின்மைச் சான்று வேண்டும், சிலை பீடத்தோடு சேர்த்து எத்தனை அடி இருக்கலாம் என்பது வரை வரிசையாக எழுதி, எல்லாவற்றையும் ஒரே அதிகாரியிடம் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். சிலைக்கு முடிகிறது என்றால் தெருப் பொங்கலுக்கும் ஆண்டு விழாவுக்கும் ஏன் முடியாது? ஒரு பக்கத்தில் ஒரு படிவம் அடித்தால் தீர்ந்துபோகும் வேலைக்கு மூன்று அலுவலகப் படி ஏற வைக்கிறார்கள். அந்த மூன்று படிகளுக்கு நடுவில்தான் உங்கள் பக்கத்துத் தெருக்காரர் கடை விரித்திருக்கிறார்.

மின்சாரத்துக்குப் பிரிவு அலுவலகத்தில் தற்காலிக இணைப்பு கேளுங்கள், இல்லையென்றால் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுங்கள். "கம்பத்தில் கொக்கி போட்டுத் தருகிறேன், லைன்மேன் நம்ம ஆள்" என்பதும் அந்தப் பதினெட்டாயிரத்தில் அடக்கம் என்றால், அது மின்சாரச் சட்டம் 2003-இன் 135-ஆவது பிரிவுப்படி திருட்டு. தெருவில் பிள்ளைகள் ஓடியாடும் நாளில் கொக்கி வயர் என்ன செய்யும் என்பதற்குச் சட்டப் புத்தகம் தேவையில்லை.

அப்புறம் அந்த "12 மணி வரை". ஒலிபெருக்கி இரவு 10 மணிக்கு நிற்க வேண்டும், காலை 6 வரை திரும்பப் போடக் கூடாது. பண்டிகை நாளில் 12 மணி வரை நீட்டலாம் என்று ஒரு தளர்வு இருப்பது உண்மை. அந்தத் தளர்வைத் தருவது மாநில அரசு, அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் போகாமல், எந்தெந்த நாள் என்று முன்கூட்டியே அறிவித்துத் தர வேண்டும். உங்கள் தெருவுக்கென்று தரகரோ ஆய்வாளரோ எடுத்துக் கொடுக்க முடியாது. மனுவில் 9.30-க்கு முடிப்போம் என்று எழுதுங்கள், மெல்லிசைக்காரர்களிடமும் அதையே சொல்லி முன்பணம் கொடுங்கள். "கடைசியா ஒரே ஒரு பாட்டு" என்பது எப்போதும் மூன்று பாட்டு. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல்தான் அளவு. மெல்லிசைக்காரர்களின் ஸ்பீக்கர் அதைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். நேரத்தையாவது மீறாமல் இருந்தால் எதிர்வீட்டுக்காரரும் பொறுத்துப் போவார்.

இப்போது அந்த 5,000. ஊழல் தடுப்புச் சட்டம் 2018-இல் திருத்தப்பட்ட பிறகு லஞ்சம் கொடுப்பவரும் நேரடியாகக் குற்றவாளி. 8-ஆவது பிரிவில் ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. நடுவில் ஒருவர் கையில் கொடுத்தேன், அதிகாரியைப் பார்த்ததே இல்லை என்பதெல்லாம் தப்பிக்க உதவாது. அதிகாரியை முறைகேடாக வேலை செய்ய வைக்கும் நோக்கத்தோடு யாரிடம் கொடுத்தாலும் பிரிவு பொருந்தும். வாங்கும் தரகருக்கு 7ஏ என்று தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள்.

இதில் ஒரு விலக்கு உண்டு. எல்லாரும் அதைத் தப்பாகவே புரிந்துகொள்வதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். லஞ்சம் கொடுக்கும்படி கட்டாயப்படுத்தப்பட்டவர், கொடுத்த 7 நாளுக்குள் காவல்துறையிடமோ புலனாய்வு அமைப்பிடமோ தெரிவித்துவிட்டால் அவர் மேல் குற்றம் இல்லை. இதைக் கேட்ட உடனே "ஒரு வாரம் டைம் இருக்கு சார்" என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். ஏழு நாளுக்கு முன்னால் இருக்கும் சொல்லைப் பாருங்கள்: கட்டாயப்படுத்தப்பட்டவர். உங்கள் பொருளாளரை யார் கட்டாயப்படுத்தினார்கள்? நீங்கள் இன்னும் மனுவே கொடுக்கவில்லை, எந்த அதிகாரியும் மறுக்கவில்லை, எவரும் கேட்கவும் இல்லை. அலைச்சல் மிச்சம் என்று அவராகவே கொடுத்திருக்கிறார். அந்த விலக்குக்குள் அவரை நுழைக்க எந்த வக்கீலாலும் எளிதில் முடியாது. நாளைக்கு நீங்கள் மனு கொடுத்து, அதிகாரி ஒருவர் பணம் தந்தால்தான் கையெழுத்து என்று நிறுத்தி வைத்தால் கதை வேறு. அப்போதும் கொடுத்துவிட்டு ஓடுவதை விட, கொடுப்பதற்கு முன்னாலேயே லஞ்ச ஒழிப்புத் துறையின் 1064-க்குப் பேசுவதுதான் பாதுகாப்பு. அவர்களிடம் சொல்லிவிட்டு, அவர்களுக்கு உதவுவதற்காகக் கொடுக்கும் பணத்துக்குத் தனி விலக்கு இருக்கிறது, அதற்கு 7 நாள் கணக்கும் இல்லை. ஒருவர் மனு எழுதிக் கொடுத்து, அலைந்ததற்குக் கூலி வாங்கினால் அது வேறு, அது குற்றமில்லை. ஆனால் அந்தக் கூலி ஐந்நூறு ஆயிரத்தில் முடியும், பதினெட்டாயிரம் வராது.

உங்கள் கணக்குப் புத்தகத்தையும் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். என்னிடம் வரும் சங்கக் கணக்குகளில் "ஸ்டேஷன் செலவு", "கார்ப்பரேஷன் கவனிப்பு" என்று பொருளாளர்கள் வெள்ளந்தியாக எழுதி, தலைவர் கையெழுத்தும் போட்டிருப்பார். தனக்கு எதிரான சாட்சியத்தைத் தானே தயாரித்து, ஆண்டுப் பொதுக்குழுவில் நகல் எடுத்து விநியோகமும் செய்கிறார்கள்! பணம் திரும்பி வந்தால் "திருப்பிப் பெறப்பட்டது" என்று எழுதுங்கள். பழைய வரியைக் கிழிக்கவோ அடிக்கவோ வேண்டாம்.

திருப்பித் தர மாட்டேன் என்று அவர் சொன்னால், "எந்த அலுவலகத்தில் எவ்வளவு கட்டினீர்கள், ரசீது கொடுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் எழுத்தில் கேளுங்கள். அதற்குப் பதில் எழுத அவர் யோசிப்பார்.

ஃப்ளெக்ஸ் பேனரும் அவருடைய பட்டியலில் இருக்கும் என்று நினைக்கிறேன். அனுமதி இல்லாமல் சாலையில் வைக்காதீர்கள். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் ஒரு கல்யாணப் பேனர் சரிந்து, இருசக்கர வண்டியில் வந்த 23 வயதுப் பெண் விழுந்து, பின்னால் வந்த லாரி ஏறி இறந்துபோனார். தெருக்காரர்களுக்குத் தெரிவிக்க வீட்டுக்கு வீடு ஒரு துண்டுச் சீட்டு போதும்.

"டிவியில வர வைக்கிறேன், மூவாயிரம்" என்று காரில் பிரஸ் ஸ்டிக்கர் ஒட்டியவர் ஒருவரும் வருவார், பாருங்கள். பணம் கொடுத்து வருவது விளம்பரம், செய்தி இல்லை. மாம்பலம் டைம்ஸ், அடையார் டைம்ஸ் மாதிரியான பேட்டை வார இதழ்கள் வளர்ந்ததே இந்த மாதிரித் தெருச் செய்திகளால்தான். நாள், இடம், நேரம், தொடர்புக்கு ஒரு எண் என்று நாலு வரி எழுதி, போன வருடத்துக் கோலப் படம் ஒன்றையும் சேர்த்து உள்ளூர் இதழ்களுக்கு அனுப்புங்கள்.

காவல்துறை மறுத்தால்? வாய்மொழி மறுப்பை ஏற்காதீர்கள், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டாலே பல மறுப்புகள் "நிபந்தனைகளோடு அனுமதி" என்று மாறிவிடும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம்தான், பதில் தர அவர்களுக்கு 30 நாள் இருக்கிறது. பொங்கலுக்குக் கேட்ட பதில் மாசி மாதம் வரும். அதை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

அனுமதிக் கடிதம் வந்ததும் நிபந்தனைகளைப் படித்துவிட்டு மூன்று நகல் எடுங்கள். ஒன்று உங்களிடம், ஒன்று தெரு முனையில் வண்டிகளைத் திருப்பி விடும் பையனிடம், ஒன்று மைக் செட்காரரிடம். ரோந்து வண்டியில் வருபவர்கள் நேராக ஆம்ப்ளிஃபயர் பக்கம்தான் போவார்கள், உங்களைத் தேடிக்கொண்டு நிற்க மாட்டார்கள்.