எண் கணக்குக்குச் சொந்தமாக கிளாஸ் எழுதுகிறவர்களுக்கு: டண்டர் மெத்தட் கேள்வி பதில்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சென்னை ஏரிகளின் நீர் இருப்பைக் கணக்கிடும் கோட் பற்றியவை. அதனால் எடுத்துக்காட்டும் அதுவே இருக்கட்டும். கிளாஸின் பெயர் ‘நீரளவு’. உள்ளே ஒரே ஓர் எண், மில்லியன் கன அடியில். மொழி பைத்தான் 3. டண்டர் மெத்தட் என்பது பெயரின் முன்னும் பின்னும் இரட்டை அடிக்கோடு போட்ட மெத்தட்; +, ==, பிரிண்ட் போன்றவற்றைப் பயன்படுத்தும்போது பைத்தான் தானாகவே கூப்பிடுவது. கேட்டவர்களை அவரவர் பகுதியின் பெயரால் குறித்திருக்கிறேன்.

தரமணி: சார், எந்த மெத்தடை முதலில் எழுதுவது?

டண்டர் இனிட் (ஆப்ஜெக்ட்டை அமைப்பது) முடிந்ததும் டண்டர் ரெப்ர் (பிழை தேடுபவருக்கு ஆப்ஜெக்ட்டை எழுத்தாகக் காட்டுவது). டண்டர் எஸ்டிஆர் (பயனருக்கு எழுத்தாகக் காட்டுவது) பிறகு வரட்டும், வராமலும் போகட்டும். எஸ்டிஆர் இல்லையென்றால் பிரிண்ட் ரெப்ரையே எடுத்துக்கொள்ளும். எஸ்டிஆர் இருந்தாலும், லிஸ்ட்டுக்குள் இருக்கும் ஆப்ஜெக்ட்டை ரெப்ர் வழியாகத்தான் காட்டும். ரெப்ரில் எண்ணை இரண்டு தசமத்துக்கு வெட்டாதீர்கள். பிழை தேடும்போது 0.30000000000000004 என்று முழுதாகத் தெரிய வேண்டும். 0.30 என்று காட்டினால் பிழை மறைந்துவிடும்.

இனிட்டிலேயே எண்ணை ஃப்ளோட் ஆக்கி, ‘நான்’ (NaN, எண் அல்லாதது), முடிவிலி இரண்டையும் மேத் மாட்யூலின் இஸ்ஃபைனைட் கொண்டு தடுத்துவிடுங்கள். பின்னால் வரும் பல தொல்லை அங்கேயே தீரும்.

பெரம்பூர்: பூண்டி + புழல் சரியாக வருகிறது. நான்கு ஏரிகளையும் லிஸ்ட்டில் போட்டு சம் கொடுத்தால் டைப்எரர். ஏன் சார்?

சம் தன் கூட்டலை 0-இல் தொடங்குகிறது. முதலில் நடப்பது 0 + பூண்டி. இடப்பக்கம் இன்ட். அதற்கு உங்கள் கிளாஸைத் தெரியாது, ‘நாட்இம்ப்ளிமென்டட்’ என்று திருப்பித் தருகிறது. உடனே பைத்தான் வலப்பக்கத்திடம் டண்டர் ஆர்ஆட் இருக்கிறதா என்று பார்க்கும். உங்களிடம் இல்லை, அதனால் எரர்.

வழி இரண்டு. சம்முக்கு இரண்டாவது ஆர்கியுமென்டாக நீரளவு(0) கொடுப்பது ஒன்று. ஆர்ஆட் எழுதி அதில் 0-ஐ மட்டும் ஏற்பது மற்றொன்று. நான் முதல் வழியைத்தான் சொல்வேன். ஆர்ஆட்டில் எந்த எண்ணையும் ஏற்றுக்கொண்டால், யாரோ டி.எம்.சி.யில் (ஆயிரம் மில்லியன் கன அடி) இருக்கும் 5-ஐக் கூட்டினாலும் சத்தமில்லாமல் ஓடும். செம்பரம்பாக்கம் 3645, புழல் 3300, பூண்டி 3231, சோழவரம் 1081: முழுக் கொள்ளளவைக் கூட்டினால் 11257 வர வேண்டும். இதையே டெஸ்ட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எல்லோருக்கும் ஒரு எச்சரிக்கை. டண்டர் ஆட்டில் எதிர்ப்பக்கம் என்ன டைப் என்று தெரியாவிட்டால் நாட்இம்ப்ளிமென்டடை ரிட்டர்ன் செய்யுங்கள். ரெய்ஸ் செய்யாதீர்கள். நாட்இம்ப்ளிமென்டட்எரர் என்பது வேறு பொருள். அதை எறிந்தால் எதிர்ப்பக்கத்தின் ஆர்ஆட்டுக்கு வாய்ப்பே கிடைக்காது. இரண்டு பக்கமும் கைவிரித்தால் பைத்தானே தெளிவான டைப்எரர் கொடுக்கும்.

ஆவடி: x * 2 வருகிறது, 2 * x வரவில்லை.

டண்டர் ஆர்மல் எழுதுங்கள். நீரளவை நீரளவால் பெருக்க விடாதீர்கள், அந்த அலகுக்குப் பொருள் இல்லை. நீரளவை நீரளவால் வகுத்தால் வெறும் ஃப்ளோட் வர வேண்டும் (ஏரி எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்பது). எண்ணால் வகுத்தால் நீரளவு.

சோழிங்கநல்லூர்: ஆர்மல் இருக்கிறது. ஆனாலும் நம்பை (எண் கணக்குக்கான பைத்தான் லைப்ரரி) அர்ரே * x கொடுத்தால் ஆப்ஜெக்ட் டைப் அர்ரே வருகிறது.

அர்ரே இடப்பக்கம் இருப்பதால் அதன் பெருக்கல் முந்திக்கொள்கிறது. உங்கள் ஆப்ஜெக்ட்டை ஒற்றை உறுப்பாக நினைத்து அர்ரேயின் ஒவ்வோர் எண்ணோடும் தனித்தனியாகப் பெருக்குகிறது. கிளாஸில் டண்டர் லென், டண்டர் கெட்ஐட்டம் இரண்டும் இருந்தால் இன்னும் மோசம். அதை ஒரு வரிசையென்று பிரித்தே விடும்.

கிளாஸுக்குள் ஒரே வரி: டண்டர் அர்ரே யூஃபங்க் = நன் (None, ‘ஒன்றுமில்லை’ என்ற மதிப்பு). நம்பை 1.13-இலிருந்து (2017) இது உண்டு. இதைப் பார்த்ததும் அர்ரே ஒதுங்கி நாட்இம்ப்ளிமென்டட் தரும், உங்கள் ஆர்மல் கூப்பிடப்படும். என்பி.மல்டிப்ளை என்று நேரடியாக அழைத்தால் மட்டும் டைப்எரர் வரும். அது சரியான நடத்தைதான்.

ஆர்மலுக்குள் எண்ணா என்று சோதிக்க இன்ட், ஃப்ளோட் போதாது. நம்பையின் ஃப்ளோட்64 பைத்தான் ஃப்ளோட்டின் வாரிசு. ஃப்ளோட்32, இன்ட்64 வாரிசு இல்லை. நம்பர்ஸ் மாட்யூலின் ரியல் கொண்டு சோதித்தால் எல்லாம் பிடிபடும்.

அண்ணா நகர்: 0.1 + 0.2, 0.3-க்குச் சமமில்லை என்கிறது. அதனால் டண்டர் ஈக்யூவில் (== கூப்பிடும் மெத்தட்) 0.01 வித்தியாசத்தைச் சமம் என்று எழுதிவிட்டேன். நன்றாக ஓடுகிறது.

எடுத்துவிடுங்கள். 10, 10.008, 10.016 மூன்றையும் பாருங்கள். முதலும் இரண்டும் சமம், இரண்டும் மூன்றும் சமம், முதலும் மூன்றும் சமமில்லை. செட்டும் டிக்ஷனரியும் இதைத் தாங்காது. சமமான இரண்டுக்கு ஹாஷ் (செட்டும் டிக்ஷனரியும் தேடப் பயன்படுத்தும் எண்) ஒன்றாக இருந்தாக வேண்டும் என்பது விதி. ஈக்யூ மட்டும் எழுதினால் பைத்தான் ஹாஷை நன் ஆக்கிவிடுவதும் அதனால்தான்.

அண்ணா நகர், மறுபடி: இரண்டு தசமத்துக்கு வட்டமாக்கி ஒப்பிட்டால்? ஹாஷும் அதையே எடுக்கும்.

முரண்பாடு இருக்காது, உண்மை. ஆனால் 10.0049-உம் 10.0051-உம் வேறு என்றும், 10.0051-உம் 10.0149-உம் ஒன்று என்றும் சொல்லும். நெருக்கத்தைப் பார்க்கத்தானே தொடங்கினீர்கள்?

கிண்டி: ஏரி மட்டத்தை அளக்கும் அளவுகோலே அவ்வளவு துல்லியம் கிடையாது. துல்லியமான == யாருக்குப் பயன்?

அளவின் துல்லியம் வேலைக்கு வேலை மாறும். == ஆபரேட்டருக்கு அந்த வேலை தெரியாது, பொறுப்பளவைச் (எவ்வளவு வித்தியாசத்தைப் பொறுக்கலாம் என்பதை) சொல்ல அதில் இடமும் இல்லை. தனி மெத்தட் வையுங்கள்: நெருக்கமா(மற்றது, பொறுப்பளவு). உள்ளே மேத் இஸ்க்ளோஸ் போடுவதானால் அதன் இயல்பான சார்பு அளவு (மதிப்புக்கு ஏற்ப மாறும் பொறுப்பளவு) 1e-09, தனி அளவு (மாறாத பொறுப்பளவு) 0. ஆகவே கிட்டத்தட்ட வறண்ட ஏரியை 0-உடன் ஒப்பிட்டால், இருப்பு சரியாக 0 ஆக இருந்தாலன்றி, தனி அளவைக் கொடுக்காமல் ட்ரூ வராது. நம்பையின் இஸ்க்ளோஸில் இவை 1e-05, 1e-08. அதில் இரண்டாவது ஆர்கியுமென்டே அடிப்படை, இடம் மாற்றினால் விடையும் மாறலாம்.

அண்ணா நகர் நண்பர் சொன்னதில் ஒன்றைக் காப்பாற்றலாம். வட்டமாக்குவதை ஒப்பிடும்போது செய்யாமல் இனிட்டில் செய்யுங்கள். கன அடியில் பைத்தான் முழு எண்ணாகவே வைத்தால் 1,00,000 + 2,00,000 = 3,00,000; தகராறே இல்லை. ==, ஹாஷ் இரண்டும் அந்த முழு எண்ணையே பார்க்கட்டும்.

அம்பத்தூர்: அப்படிக் கன அடியில் வைத்தேன். செம்பரம்பாக்கம் -64,99,67,296 என்று வருகிறது!

பைத்தான் முழு எண்ணுக்கு எல்லை இல்லை. நீங்கள் நம்பை அர்ரேயில் 3645-ஐ 10 லட்சத்தால் பெருக்கியிருக்கிறீர்கள். விண்டோஸில் நம்பை 2.0-க்கு (2024) முன்பு இயல்பான முழு எண் 32 பிட். அதன் உச்சம் 2,14,74,83,647. 364.5 கோடி அதில் அடங்காது, எரரும் வராது. டிடைப் (அர்ரேயின் எண் வகை) இன்ட்64 என்று நீங்களே எழுதுங்கள்.

வேளச்சேரி: x += y கொடுத்த பிறகு x நன் ஆகிவிடுகிறது.

டண்டர் ஐஆட்டில் (+= கூப்பிடும் மெத்தட்) ரிட்டர்ன் செல்ஃப் விட்டுப்போயிருக்கிறது. ஐஆட்டையே நீக்கிவிடுங்கள், ஆட் போதும்.

மாதவரம்: விநாடிக்கு 1000 கன அடி வரத்தையும் இதே கிளாஸில் வைக்கலாமா?

கூடாது. வரத்து வேறு, இருப்பு வேறு. தனி கிளாஸ் எழுதி, நேரத்தால் பெருக்கினால் நீரளவு வரும்படி செய்யுங்கள். 1000 கன அடி ஒரு நாள் முழுக்க வந்தால் 86.4 மில்லியன் கன அடி.

தாம்பரம்: சம் வேலை செய்யவில்லை, டைப்எரர்.

பெரம்பூருக்குச் சொன்ன பதில்.

குரோம்பேட்டை: டண்டர் ஆட்டில் நாட்இம்ப்ளிமென்டட்எரர் ரெய்ஸ் செய்தால்...

ரிட்டர்ன். ரெய்ஸ் இல்லை. அதுவும் பெரம்பூர் பதிலிலேயே இருக்கிறது, தயவுசெய்து மேலே படித்துவிட்டுக் கேளுங்கள்.

திருவான்மியூர்: எக்செல் மேக்ரோவில் இதைச் செய்ய முடியுமா?

என் துறை இல்லை. எக்செல் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

மயிலாப்பூர்: வரிசைப்படுத்த ஆறு ஒப்பீட்டு மெத்தடும் வேண்டுமா?

சார்ட்டுக்கு டண்டர் எல்டி (< கூப்பிடும் மெத்தட்) ஒன்றே போதும். மற்றவை வேண்டுமானால் ஈக்யூ, எல்டி இரண்டையும் எழுதி ஃபங்க்டூல்ஸின் டோட்டல் ஆர்டரிங்கை கிளாஸ் மேல் போடுங்கள். இதிலும் தெரியாத டைப்புக்கு நாட்இம்ப்ளிமென்டட் ரிட்டர்ன்தான். கூடவே டண்டர் பூலும் (இஃப்புக்கு ட்ரூவா ஃபால்ஸா என்று சொல்வது) எழுதிவிடுங்கள். பூலும் லென்னும் இல்லாத ஆப்ஜெக்ட் எப்போதும் ட்ரூ, ‘இருப்பு இருந்தால்’ என்ற உங்கள் இஃப் வறண்ட ஏரிக்கும் உள்ளே நுழையும்.