நாலு எழுத்துல எத்தனை வார்த்தை வரும்? அதுக்கு 4,500 ரூபா கட்டாதம்மா

கேள்வி: கொடுங்கையூர்ல இருக்கேன் சார். ஸ்கூல் முழுக்க தமிழ் மீடியம், பி.காம் முடிச்சிட்டு பேங்க் கிளார்க் எக்ஸாமுக்கு படிக்கிறேன். ரீசனிங்ல நாலு எழுத்து குடுத்து, ஒவ்வொண்ணையும் ஒரு தடவை மட்டும் வச்சு எத்தனை அர்த்தமுள்ள இங்கிலீஷ் வார்த்தை வரும்னு கேக்குறாங்களே, அதுல முழிச்சிக்கிட்டு உக்காந்துடறேன். பக்கத்துல ஒரு சென்டர்ல 10,000 வார்த்தை பிடிஎஃப் 4,500 ரூபான்றாங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டணுமாம். கட்டலாமா?

பதில்: கட்டாதம்மா. தண்டையார்பேட்டைல நான் ரீசனிங் கிளாஸ் எடுக்குறேன், இந்த ஒரு கேள்விக்கு பயந்து காசு விட்ட பசங்கள வருஷா வருஷம் பாக்குறேன். 10,000 வார்த்தைய மனப்பாடம் பண்ணாலும், ஏ, சி, இ, ஆர்னு கலைஞ்சு வரும்போது எத எடுக்கறதுன்னு அந்த பிடிஎஃப் சொல்லாது. உனக்கு வார்த்தையெல்லாம் தெரியும், கலைச்சு போட்டா அடையாளம் தெரியல, அதுக்கு வேற பழக்கம் வேணும்.

நாலு எழுத்த 24 விதமா மாத்தி எழுதலாம், அஞ்சுன்னா 120 விதம், எல்லாத்தையும் எழுத உக்காந்தா அவ்ளோதான், ஏன்னா பிரிலிம்ஸ்ன்ற மொத ரவுண்டு தேர்வுல ரீசனிங்குக்கு 35 கேள்வி, 20 நிமிஷம், ஒரு கேள்விக்கு 35 செகண்ட் கூட முழுசா வராது. அதனால இ இருந்தா மொதல்ல அத தூக்கி கடைசில உக்கார வை. மீதி மூணு எழுத்து, ஆறே விதம். எழுதி பாரு: ஏ-சி-ஆர்-இ, ஏ-ஆர்-சி-இ, சி-ஏ-ஆர்-இ, சி-ஆர்-ஏ-இ, ஆர்-ஏ-சி-இ, ஆர்-சி-ஏ-இ. இதுல மொதல் ஒண்ணு ஏக்கர், நம்மாளுங்க நெலம் பேசும்போது சொல்ற அதே ஏக்கர், மூணாவது கேர், அஞ்சாவது ரேஸ். 24ல தேட வேண்டியது ஆறுல முடிஞ்சுது. இங்கிலீஷ்ல அதிகமா வர எழுத்து இ தான், எழுத்து காய்ங்கள அடுக்கி வார்த்தை சேக்கற ஸ்க்ராபிள் ஆட்டத்த கண்டுபிடிச்ச ஆல்ஃபிரட் பட்ஸ் நியூஸ்பேப்பர்ல ஒவ்வொரு எழுத்தும் எத்தனை தடவை வருதுன்னு எண்ணி பாத்துதான் 100 காய்ல இ-க்கு மட்டும் 12 குடுத்தாரு, இசட்டுக்கு ஒண்ணே ஒண்ணு.

கடைசில வச்சு முடிஞ்சதும், கூட ஏ இருந்தா இ-ஏ ரெண்டையும் ஜோடியா நடுவுல வச்சு பாரு, அர்த்தம்ன்ற மீன், உக்கார்ற சீட் எல்லாம் அப்படித்தான் கெடைக்கும். இ இல்லாத செட்டுல சி-ஹெச், எஸ்-ஹெச் மாதிரி ஒட்டிக்கிட்டே திரியற எழுத்துங்கள ஒரே எழுத்தா நெனச்சுக்கோ.

எஸ் இருந்தா அங்கதான் நெறைய பேர் மார்க் விடறாங்க, கொஞ்சம் நின்னு படி. இ, எஸ், ஆர், ஓ-னு குடுத்திருக்காங்க. ரோஸ் வரும், புண்ணுன்ற சோர் வரும், ரெண்டுன்னு டிக் பண்ணிட்டு போயிடறாங்க. எஸ்ஸ தனியா எடுத்து வச்சிட்டு மீதி மூணுல வார்த்தை இருக்கான்னு பாக்கணும். ஓ-ஆர்-இ, ஓர், அதாவது தாது, நம்ம ஹார்பர்ல ஒரு காலத்துல மலை மலையா குவிச்சு வச்சிருந்தாங்களே அந்த இரும்புத்தாது தான், எஸ் சேத்தா ஓர்ஸ். ஆர்-ஓ-இ, ரோ, மீன் சினை, காசிமேட்டுல தெனம் பாக்குறது, அதுக்கும் எஸ் சேத்தா ரோஸ்னு அதே மாதிரி ஒலிக்கும், ஆனா எழுத்து வரிசை வேற. ஆக நாலு. ஈரோஸ்னும் வருமேன்னு கேப்ப, அது கிரேக்க சாமி பேரு, ஆள் பேரு ஊர் பேரெல்லாம் கணக்குல சேக்காத. இதே கணக்குக்கு ஒரு புக்ல மூணுன்னும் இன்னொரு புக்ல மூணுக்கு மேலன்னும் ஆன்சர் போட்டிருந்தத நானே பாத்திருக்கேன், எந்த டிக்ஷனரிய வச்சு எண்ணுனோம்னு ஒரு வரி போட்டா என்ன கொறஞ்சிடும்? இங்கிலீஷுக்குன்னு தனியா 30 கேள்வி இருக்கு, அப்புறம் ரீசனிங்னு பேர் வச்சு அதுலயும் இங்கிலீஷ் வார்த்தையே கேட்டா தமிழ் மீடியம் புள்ள என்ன பண்ணும், எத்தனையோ வருஷமா எனக்கு இது ஆறவே இல்ல.

ஆப்ஷன்ல பெரும்பாலும் கடைசியா மூணுக்கு மேலன்னு தான் இருக்கும், அதனால நாலு கெடச்சதும் நிறுத்திடு, அஞ்சாவத தேடி நேரத்த விடாத. சந்தேகமா இருந்தா விட்டுடு, தப்புக்கு கால் மார்க் போயிடும்.

இப்ப அந்த சென்டர் விஷயம். வெள்ளிக்கிழமைக்குள்ளன்னு அவசரப்படுத்தறவங்க யாரா இருந்தாலும் நம்பாத. எழுத்த போட்டா வார்த்தை காட்டுற வெப்சைட் நெட்ல சும்மாவே கெடைக்குது, வேர்ட் அன்ஸ்க்ராம்ப்ளர்னு தேடு, லாகின் கேட்டா வெளிய வந்துடு, ஃப்ரீ ட்ரையல்னு சொல்லி ஆட்டோபே ஆன் பண்ண சொல்ற ஆப் பக்கமே போகாத, என் ஸ்டூடன்ட் ஒருத்தன் அக்கவுண்ட்லேர்ந்து மூணு மாசம் காசு போன பிறகுதான் அவனுக்கே தெரிஞ்சுது. அந்த வெப்சைட்டெல்லாம் விளையாட்டுக்காக பண்ணது, ஏசர்னு ஒரு மரத்து பேரெல்லாம் காட்டும், ஸ்கூல் பசங்க வச்சிருக்கற சின்ன டிக்ஷனரில இருக்கறத மட்டும் எடுத்துக்கோ.

இதே ஆளுங்க அடுத்தது இன்டர்வியூல பாத்துக்கறேன், ஒரு தொகை குடுன்னு வருவாங்க. கிளார்க் போஸ்டுக்கு இன்டர்வியூவே கெடையாதும்மா. பிரிலிம்ஸ், மெயின்ஸ், அப்புறம் தமிழ் தெரியுமான்னு ஒரு டெஸ்ட், அவ்ளோதான். இல்லாத இன்டர்வியூவுக்கு வீட்டு நகைய அடகு வச்சவங்கள எனக்கு தெரியும், அதனாலதான் இவ்ளோ சொல்றேன்.

பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரில அரசாங்கமே போட்டித் தேர்வுக்கு இலவச பயிற்சி நடத்துது, எப்ப அப்ளிகேஷன்னு நேர்ல போய் கேட்டுட்டு வா. வீட்ல எடம் இல்லன்னா கொளத்தூர் முதல்வர் படைப்பகத்துல உக்காந்து படிக்கலாம்.

இன்னைக்கு ராத்திரி மூணு செட் போட்டு பாரு. ஐ, எல், எம், இ: ரெண்டு வரணும். ஓ, என், டபிள்யூ: மூணு. ஏ, எம், என், இ: நாலு, அதுல ரெண்டு இ-ல முடியும், ஒண்ணு ஜெபம் முடிஞ்சதும் ராயபுரம் சர்ச்சுல எல்லாரும் சொல்றது.