மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்

அம்மா, பிளஸ் டூ படிக்கும் மகள் "கிரேக்கர்களின் கணிதமும் தத்துவமும்தான் பிடிச்சிருக்கு" என்று நின்றால் கவலை வரத்தான் செய்யும். ஆனால் அவளுடைய சித்தப்பா மேனேஜ்மென்ட் கோட்டாவில் பேசிவைத்திருக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்காக வீட்டை அடமானம் வைக்காதீர்கள். பிடிக்காத படிப்பை அவள் பாதியில் விட்டாலும் வட்டி நிற்காது.

அவளுக்கு இருப்பது இரண்டு தனித்தனி ஆசைகள் இல்லை. அவள் நோட்டில் வரைந்திருந்த சதுரங்கள் பிளேட்டோவின் 'மேனோ' உரையாடலில் வருபவை. பக்கம் 2 அடி, பரப்பு 4. இதை இரண்டு மடங்காக்கப் பக்கம் எவ்வளவு வேண்டும் என்று ஓர் அடிமைச் சிறுவனிடம் சாக்ரடீஸ் கேட்கிறார். 4 என்கிறான், பரப்பு 16 ஆகிவிடுகிறது. 3 என்கிறான், 9 வருகிறது. கடைசியில் மூலைவிட்டத்தின் மேல் எழுப்பிய சதுரம்தான் 8 என்று பிடிபடுகிறது. தெரியாத ஒன்றை எப்படித் தேட முடியும் என்ற தத்துவக் கேள்விக்குத்தான் இந்தக் கணக்கே வருகிறது. அந்த மூலைவிட்டத்துக்கும் பக்கத்துக்கும் முழு எண் விகிதம் கிடையாது. அளவுகோலை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, நிரூபிக்கத்தான் வேண்டும். அரிஸ்டாட்டில் தன் தர்க்க நூலில், முரண்பாடு காட்டி நிரூபிப்பதற்கு இதையே உதாரணமாகச் சொல்கிறார். உங்கள் மகளைப் பிடித்து இழுப்பது இந்த நிரூபணம்தான்.

அதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது, உறவினர்கள் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பெங்களூரில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பி.மேத் என்ற கணித இளங்கலைப் படிப்பு. கல்விக் கட்டணம் இல்லை. ஒழுங்காகப் படித்தால் மாதாமாதம் உதவித்தொகையும் தருகிறார்கள். நுழைவுத்தேர்வின் ஒரு தாளில் விடையை டிக் அடித்தால் போதாது. ஏன் அப்படி என்று வரிவரியாக எழுத வேண்டும். முதல் வருடத்திலிருந்தே வகுப்பில் நிரூபணம்தான். சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் நிறுவனத்தில் கணிதமும் கணினி அறிவியலும் சேர்த்துப் படிக்கலாம். தர்க்கவியலில் ஆராய்ச்சி செய்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். தத்துவமும் கணிதமும் இன்றைக்கும் சந்திக்கும் துறை அது.

சீட் கிடைப்பது கஷ்டம், மறைக்கவில்லை. கிடைக்காவிட்டால் பக்கத்து அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம், அப்புறம் எம்.ஏ. தத்துவம். அதற்கும் அடமானம் தேவைப்படாது.

இந்த வாரம் பி.மேத் பழைய வினாத்தாள் ஒன்றை அவளிடம் கொடுங்கள். எத்தனை விடை சரி என்று எண்ண வேண்டாம். வராத கணக்கை மறுநாளும் அவளாகவே எடுத்து உட்கார்ந்தால், விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். சித்தப்பாவிடம் நான் பேசுகிறேன்.