இறக்கத்துக்கும் தண்ணீர் வேண்டும்
டாக்டரிடம் கேளுங்கள்

கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் ஏழு மலை ஏறிச் சிவனைத் தரிசிக்கும் வெள்ளியங்கிரிப் பருவம் என்பதால் இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மலையேற்றம் பற்றியவைதான். கோயம்புத்தூரில் மருத்துவம் பார்க்கிற எனக்கு, பிப்ரவரி முதல் மே வரை திங்கட்கிழமை காலையில் மலை இறங்கி நேராக வந்து உட்காரும் நோயாளிகள் பழக்கம். அதனால் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

முதல்முறையாக நண்பர்களோடு வெள்ளியங்கிரி ஏறப்போகிறேன். ராத்திரி ஏறி, விடியற்காலையில் தரிசனம் முடித்து இறங்குவதாகத் திட்டம். ஆளுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? மேலே சுனை இருப்பதால் ஒரு பாட்டில் போதும் என்கிறார்களே?
– திருப்பூர் வாசகர்

போதாது தம்பி. ஆளுக்கு 2 லிட்டர் கையில் இருக்கட்டும். வழியில் நிரப்பிக்கொள்வது அதற்கு மேல்.

நீங்கள் சொல்லும் திட்டத்திலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. ராத்திரி ஏறும்போது காற்று சிலுசிலுவென்று அடிக்கும். வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும். தாகமே எடுக்காது. ஐந்தாவது மலைக்கு மேல் குளிர் நடுக்கும்போது தண்ணீர் பாட்டிலைத் தொடவே யாருக்கும் மனசு வராது. ஆனால் குளிர்ந்த காற்றில் மூச்சு வாங்க வாங்க, மூச்சு வழியாகவும் நீர் போய்க்கொண்டேதான் இருக்கும். ஆக, உச்சியில் நிற்கும்போதே உடம்பு வறண்டிருக்கும். அப்புறம் சாமி கும்பிட்டுவிட்டு, காலை எட்டு, ஒன்பது மணி வெயிலில், காலி பாட்டிலோடு இறங்குவீர்கள். என்னிடம் வருகிறவர்களில் பலர் ஏறும்போது விழுந்தவர்கள் அல்ல. இரண்டாவது, முதல் மலைப் படிகளில் வெயில் ஏறிய பிறகு கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். மலைக்குப் போகிற அன்று காலையிலிருந்தே வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீரும் மோரும் குடித்துவாருங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் ஏறத் தயார். ஏறும்போது தாகம் எடுக்கிறதோ இல்லையோ, 20 நிமிடத்துக்கு ஒருமுறை நின்று நாலைந்து மடக்கு குடியுங்கள். மணிக்கு அரை லிட்டருக்குப் பக்கமாக வரும். குளிர் கூடினால் அதைவிடக் குறைவாகவே போதும். மொத்தமாக ஒரு லிட்டரைக் கவிழ்த்துக்கொண்டால் வயிறு குலுங்கும், குமட்டும். ஆறாவது மலையில் ஆண்டி சுனையில் இரண்டு பாட்டிலையும் நிரப்பிக்கொள்ளுங்கள். அதில் ஒரு பாட்டில் இறக்கத்துக்கு என்று ஒதுக்கிவிடுங்கள். நண்பர் கேட்டாலும் மூடியைத் திறக்காதீர்கள்.

பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுபோனால் அடிவாரத்தில் வனத்துறையினர் ஸ்டிக்கர் ஒட்டி முன்பணம் வாங்குவார்கள், பாட்டிலைத் திரும்பக் கொண்டுவந்து காட்டினால் பணம் திரும்பக் கிடைக்கும். அந்த ஏற்பாட்டை மதியுங்கள். அது யானை நடமாடும் காடு.

சுனைத் தண்ணீர் மூலிகைத் தண்ணீர், அப்படியே குடிக்கலாம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். நம்பலாமா?
– ஈரோடு வாசகி

பாறையிலிருந்து ஊறி விழுகிற இடத்தில் நேராகப் பிடித்தால் ஓரளவு நல்ல தண்ணீர்தான். ஆனால் பருவத்தில் ஆயிரக்கணக்கானோர் அதே இடத்தில் கை, கால் கழுவுகிறார்கள், குளிக்கிறார்கள். தேங்கி நிற்கும் தண்ணீரை மொள்ளாதீர்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் குளோரின் மாத்திரையை, அட்டையில் போட்டிருக்கும் அளவுப்படி பாட்டிலில் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். ராத்திரி நடக்கிற நடையில் அரை மணி நேரம் போவதே தெரியாது. தண்ணீர் கலங்கலாக இருந்தால் முதலில் வேட்டித் துணியில் வடிகட்டிவிட்டுத்தான் மாத்திரை.

போன வருடம் நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத் தண்ணீர் நிறையக் குடித்தேன். அப்படியும் இறங்கும்போது தலைவலி, வாந்தி. மோதிரம் கழற்ற முடியாத அளவுக்கு விரல் வீங்கிவிட்டது. ஏன் டாக்டர்?
– பொள்ளாச்சி வாசகர்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மோதிரத்தைக் குறிப்பிட்டது நல்லதாயிற்று. அதுதான் விஷயத்தைச் சொல்கிறது.

வியர்வையில் போவது தண்ணீர் மட்டும் அல்ல. இறங்கிய பிறகு கறுப்புச் சட்டையின் முதுகில் வெள்ளை வெள்ளையாகக் கோடு படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அத்தனையும் உப்பு. உப்பு போய்க்கொண்டே இருக்க, வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராக ஊற்றினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், விரல் வீக்கம், தண்ணீர் மாதிரி நிறமே இல்லாத சிறுநீர் எல்லாம் அதன் அடையாளங்கள். முற்றினால் பிதற்றல், வலிப்பு வரை போகும். பார்க்கிறவர்கள் நீர் வறட்சி என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள். அங்கேதான் ஆபத்து. இது அபூர்வமானதும் அல்ல. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது.

இந்த முறை தண்ணீரோடு உப்பும் உள்ளே போகட்டும். உப்புக்கடலை, ஊறுகாய் வைத்த தயிர்சாதம், உப்புப் போட்ட நீர்மோர் எல்லாம் நல்லது. எனக்குப் பிடித்தது புளிசாதப் பொட்டலம். ராத்திரி முழுக்கக் கெடாது. இரண்டு பாட்டிலில் ஒன்றில் ஓ.ஆர்.எஸ். (மருந்துக்கடையில் கிடைக்கும் உப்பு, குளுக்கோஸ் கலந்த தூள்) கரைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் விரல் வீங்கி, குமட்டல் வந்தால் வெறும் தண்ணீரை நிறுத்திவிட்டு உப்பானதாக ஏதாவது தின்னுங்கள். கூட வருகிறவர் பேச்சுக் குழறினாலோ, இடம் தெரியாமல் விழித்தாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள். டோலியில் வைத்துக் கீழே இறக்கி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் கரைப்பது தொல்லை. கடையில் விற்கும் அட்டைப்பெட்டி ஜூஸ் போதுமா?
– சேலம் வாசகி

போதாது. அவற்றில் பலவற்றில் சர்க்கரை மிக அதிகம், உப்பு மிகக் குறைவு. 2025 அக்டோபரில், உலக சுகாதார நிறுவனத்தின் கலவைக்கு ஒத்துவராத பானங்களின் பெயரில் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்று போடக் கூடாது என உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவே போட்டது.

அளவுதான் இதில் உயிர். குடல் சுவரில் குளுக்கோஸ் உள்ளே போகும்போது உப்பையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும், பின்னாலேயே தண்ணீரும் போகும். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீரைப் பீப்பாய்களில் வைத்து, நோயாளியின் வீட்டாரையே ஊட்டச் சொல்லி ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார். அந்தச் சிந்தனையின் வாரிசுதான் உங்கள் கையில் இருக்கும் பாக்கெட். பெரிய பாக்கெட் 1 லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பாக்கெட் இல்லையென்றால் 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. எலுமிச்சை ருசிக்கு.

அப்பாவுக்கு 61 வயது. சுகர், பிரஷர் இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். விரதமிருந்து மலை ஏறியே தீருவேன் என்கிறார். தண்ணீர் விஷயத்தில் என்ன கவனிக்க வேண்டும்?
– கரூர் வாசகி

அம்மா, அப்பாவுக்குத் தண்ணீருக்கு முன்னால் ஈ.சி.ஜி.யும் டாக்டரின் சம்மதமும் வேண்டும். இதய நோய், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று அடிவாரத்திலேயே அறிவுறுத்துகிறார்கள். என் கருத்தும் அதுதான். சம்மதம் கிடைத்தால் மட்டும் மற்றதைப் பேசுவோம்.

மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். பிரஷர் மாத்திரையில் ‘தயசைடு’ வகை சேர்ந்திருந்தால் அது உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றும். சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி மாத்திரை என்றால் அதுவும் சிறுநீரைக் கூட்டும். அதோடு பட்டினியும் நீர் வறட்சியும் சேர்ந்தால் ரத்தத்தில் அமிலம் ஏறி ஆபத்தாக முடியலாம். கிளிமிபிரைடு, இன்சுலின் எடுப்பவராக இருந்தால் வெறும் வயிற்றில் ஏறும்போது சர்க்கரை சடாரென்று இறங்கும். எதை எத்தனை நாள் முன்பு நிறுத்துவது, எதைக் குறைப்பது என்பதை அவருடைய டாக்டர்தான் சொல்ல வேண்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வயதானவர்களுக்குத் தாக உணர்வு மங்கிவிடும். ‘எனக்கு வேண்டாம்மா’ என்பார். கேட்காமல் பாட்டிலைத் திறந்து கையில் கொடுங்கள். விரதத்தை அசைவம் தவிர்ப்பதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள், ஏறுவதற்கு முன் இரண்டு இட்லியாவது சாப்பிட்டிருக்க வேண்டும். நெஞ்சு கனம், தாடை வலி, குளிர்ந்த வியர்வை என்றால் அடுத்த மலை என்ற பேச்சே வேண்டாம், அங்கிருந்தே திரும்பிவிடுங்கள். வரவில்லை என்று அவரே மனம் மாறினால், பூண்டி அடிவாரக் கோயிலில் நிம்மதியாகத் தரிசனம் செய்துவைத்து அழைத்துவாருங்கள்.