அலுமினியத்தைவிடக் காலியம் சிறியதாக இருப்பது ஏன்?

சேலத்தில் பிளஸ் டூ படிக்கும் மாணவர் ஒருவர், தனிம அட்டவணையின் 13ஆம் தொகுதியில் (போரான், அலுமினியம், காலியம், இண்டியம், தாலியம்) கீழே இறங்க இறங்க அணு பெரிதாக வேண்டும் என்றால் காலியம் மட்டும் ஏன் சுருங்குகிறது, ஏன் அவ்வளவு எளிதில் உருகுகிறது என்று கேட்டிருக்கிறார். மிக நல்ல கேள்வி.

அணு ஆரம் போரானுக்கு ஏறத்தாழ 85 பிக்கோமீட்டர், அலுமினியத்துக்கு 143. காலியத்தில் அது 135 ஆகக் குறைகிறது. அலுமினியத்திலிருந்து காலியத்துக்கு வரும்போது அணுக்கருவில் 18 புரோட்டான்கள் கூடுகின்றன; இடையில் டி எனும் உட்கூட்டு வகையில் நிரம்பும் 10 எலக்ட்ரான்கள் அந்தப் புரோட்டான்களின் ஈர்ப்பைச் சரியாக மறைக்காததால், வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் உள்நோக்கி இழுக்கப்படுகின்றன. இண்டியம் 167, தாலியம் 170 என மிக நெருங்கி நிற்பதற்கு, இவற்றுக்கு இடையில் நிரம்பி, இதேபோல் மறைக்கத் தவறும் எஃப் உட்கூட்டு எலக்ட்ரான்களே காரணம். அளவு அதிகம் மாறாமல் நிறை மட்டும் கூடுவதால்தான், இண்டியத்தில் கன சென்டிமீட்டருக்கு 7.31 கிராமாக இருக்கும் அடர்த்தி தாலியத்தில் 11.85 ஆகத் தாவுகிறது.

உருகுநிலைக்கு ஆரத்தைவிடப் படிக அமைப்பே முக்கியம் என்பது என் கருத்து. பன்னிரண்டு அணுக்கள் கொண்ட கூண்டுகளாக, எலக்ட்ரான்களைப் பகிரும் சகப்பிணைப்பில் இறுகிய போரான் உருக 2000 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். சேர்வராயன் மலையின் பாக்சைட்டில் உள்ள அலுமினியம், பிரித்தெடுத்தபின் 660 டிகிரியில் உருகும். காலியத்திலோ அணுக்கள் இரண்டிரண்டாக இணைந்திருக்க, இணைகளுக்கு இடையிலான பிணைப்பு வலுவற்றது, ஆகவே 29.8 டிகிரியே போதும். சேலத்துச் சித்திரை வெயில் காலத்தில் நிழலில் வைத்தாலும் அது வெள்ளித் துளியாக ஓடும். ஏற்காட்டின் மார்கழிக் குளிரில் திடமாகவே கிடந்தாலும், உள்ளங்கையில் வைத்தால் உருகிவிடும்.