நடு டிஸ்க் மட்டும் ஏன் கொதிக்கிறது?

கேள்வி: திருமங்கலத்தில் போட்டோ ஸ்டுடியோ நடத்துகிறேன். கல்யாண ஆல்பம், வீடியோ எல்லாம் டெஸ்க்டாப்பில் உள்ள மூன்று ஹார்ட் டிஸ்க்குகளில்தான் இருக்கின்றன. மூன்றும் முன்பக்கக் கூண்டில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சொருகியவை. சித்திரை வெயிலில் மதியம் பார்த்தால் மேலும் கீழும் உள்ளவை 51, 52 டிகிரி. நடுவில் இருப்பது 57. கம்ப்யூட்டர் பெட்டி, மேஜையோடு சேர்ந்த மரக்கதவு போட்ட அடைப்புக்குள் இருக்கிறது. கடைக்காரர் பெட்டியின் மேல்பக்கம் இரண்டு ஃபேன் போடச் சொல்கிறார். போடலாமா?
— ஸ்டுடியோ உரிமையாளர், திருமங்கலம்

பதில்: போட வேண்டாம். முதலில் அந்த மரக்கதவைக் கழற்றிப் பரணில் போடுங்கள். பெட்டி பின்பக்கம் கக்கும் சூடான காற்று அடைப்பைவிட்டு வெளியேற வழியில்லாமல் மறுபடி முன்பக்கமாகவே உள்ளே போகிறது. இந்த நிலையில் பத்து ஃபேன் போட்டாலும் அதே வெந்த காற்றுதான் சுற்றும். பெட்டியின் பின்புறத்துக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாணாவது இடைவெளி விடுங்கள்.

57 என்ற எண்ணைப் பார்த்துப் பதறும் முன், அறையின் சூட்டை அதிலிருந்து கழித்துப் பாருங்கள். ஃபேன் என்பது காற்றை நகர்த்தும் கருவி, குளிர்விக்கும் கருவி அல்ல. அறையே 39 டிகிரி என்றால் எந்த ஃபேனாலும் டிஸ்க்கை 39க்குக் கீழே இறக்க முடியாது. அப்படியானால் உங்கள் கணக்கில் வித்தியாசம் 18 டிகிரி. நம் கையில் இருப்பது அந்த 18 மட்டுமே. காற்றோட்டம் ஒழுங்காக அமைந்தால் அது ஏழெட்டாகக் குறையும். இதே பெட்டி மார்கழியில் 45 காட்டியிருக்கும்; அப்போதும் கோளாறு இருந்திருக்கும், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

நடு டிஸ்க்குக்கு மட்டும் ஏன் இந்தக் கதி? நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் டிஸ்க் ஒன்று வேலை செய்யும்போது ஏறத்தாழ 6 முதல் 8 வாட் வரை சூடாகவே வெளிவிடுகிறது. நெருக்கமான அடுக்கில் நடு டிஸ்க்குக்கு மேலேயும் சூடு, கீழேயும் சூடு. இடையில் ஓர் அடுக்கைக் காலியாக விட்டுச் சொருகுங்கள். கூண்டில் இடமில்லையென்றால் ஒன்றை, டிவிடி டிரைவ் போடும் மேல் அறைக்கு மாற்றுங்கள். அதில் பொருத்துவதற்கான இரும்புப் பட்டை கம்ப்யூட்டர் கடைகளில் கிடைக்கும்.

அடுத்து, கூண்டுக்கு நேர் முன்னால் 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று, காற்றை உள்ளே இழுக்கும்படி. பின்பக்கம் ஒன்று, வெளியே தள்ளும்படி. ஃபேன் சட்டத்தில் அம்புக்குறி இருந்தால் அதைப் பாருங்கள். இல்லையென்றால், குறுக்குக் கம்பிகள் உள்ள பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். கடைக்காரர் சொல்லும் மேல்பக்க ஃபேன்கள் பிராசஸருக்கு உதவலாம். டிஸ்க் கூண்டு இருப்பதோ கீழே, முன்னால். முன்னால் ஃபேன் இல்லாமல் வெளியே தள்ளும் ஃபேன்களை மட்டும் கூட்டினால், பெட்டி ஒவ்வோர் இடுக்கு வழியாகவும் தூசியை உறிஞ்சத் தொடங்கிவிடும்.

எல்லாம் மாட்டியபின் சாமி படத்துக்கு ஏற்றும் ஊதுபத்தியை முன்பக்கத் துளைகளின் அருகே பிடித்துப் பாருங்கள். புகை நேராக உள்ளே போக வேண்டும். வெளியே தள்ளப்பட்டால் ஃபேன் திரும்பி மாட்டப்பட்டிருக்கிறது; தயங்கி மேலே எழுந்தால் வலையில் தூசி அடைத்திருக்கிறது.

பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைப்பவர்கள் நம் ஊரில் நிறைய. சூடு இறங்கும், மறுக்கவில்லை. ஆனால் ஆடிக் காற்று தூக்கிவரும் கரிசல் புழுதி முழுவதும் உள்ளே குடியேறும். பல்லியும் வரும், மதர்போர்டில் கருகி ஒட்டிக்கொண்ட பல்லியோடு என் மேஜைக்குப் பெட்டிகள் வந்திருக்கின்றன. தகடு மூடியே இருக்கட்டும். இன்னொன்று: டிஸ்க்கின் மேல் சூடு தணிக்கும் அலுமினியத் தகடு ஒட்டுகிறேன் என்று யாராவது வந்தால், டிஸ்க்கில் உள்ள சிறு துளையை மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளும் புறமும் காற்றழுத்தம் சமமாக இருப்பதற்கான மூச்சுத்துளை அது. ஹீலியம் அடைத்த டிஸ்க்குகளில் மட்டும் அந்தத் துளை இருக்காது.

பெரும்பாலான டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர்கள் குறிப்பிடும் உச்ச வரம்பு 60 டிகிரி. 57 அதற்கு மிக அருகில். அதற்காக 30க்கு இறக்கினால்தான் நிம்மதி என்றும் இல்லை. 2007இல் கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளின் பதிவுகளை அலசி வெளியிட்ட கட்டுரையில், மிதமான சூட்டுக்கும் பழுதுக்கும் எதிர்பார்த்த அளவு தொடர்பு தெரியவில்லை. மிக உயர்ந்த சூட்டில்தான், அதுவும் வயதான டிஸ்க்குகளில், பழுது கூடுதலாகத் தெரிந்தது. எனவே கோடையில் 45ஐ ஒட்டி நின்றால் நான் ஏஸி வாங்கச் சொல்ல மாட்டேன். அந்தப் பணத்தில் இன்னொரு டிஸ்க் வாங்கி, ஆல்பங்களைப் பிரதியெடுத்து வீட்டில் வையுங்கள். முகூர்த்தத்தை மறுபடி படம் எடுக்க முடியாது.

கேள்வி: கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருள் என் டிஸ்க்குக்கு மஞ்சள் நிற எச்சரிக்கை காட்டுகிறது. சூடு 41 டிகிரிதான். ஃபேன் மாற்றினால் சரியாகுமா?
— வாசகி, திருநகர்

பதில்: ஆகாது. அந்த மஞ்சள் பெரும்பாலும் சூட்டைப் பற்றியது அல்ல. பட்டியலில் 05, சி5 என்று எண்ணிட்ட வரிகளைப் பாருங்கள். முதலாவது, பழுதாகி மாற்றிடம் தரப்பட்ட செக்டர்கள், அதாவது தரவு எழுதப்படும் சிறு பகுதிகள். இரண்டாவது, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. இவற்றில் எண்கள் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் விடைபெறத் தயாராகிறது. முக்கியமான கோப்புகளை இன்றே வேறிடத்துக்கு எடுத்துவிடுங்கள், ஃபேனைப் பற்றிப் பிறகு பேசலாம்.

கேள்வி: செயலிழந்த ஹார்ட் டிஸ்க்கை ஃப்ரீசரில் ஓர் இரவு வைத்தால் உயிர் வரும் என்கிறார் நண்பர். உண்மையா?
— வாசகர், மேலூர்

பதில்: உங்கள் நண்பர் பழைய கதை சொல்கிறார். வெளியே எடுத்தவுடன் உள்ளே ஈரம் படியும். அந்த ஈரத்தோடு உள்ளே இருக்கும் தட்டு சுழன்றால் எஞ்சியிருக்கும் தரவும் போய்விடும். தரவு வேண்டுமானால் டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுக்காமல் தரவு மீட்பவரிடம் கொண்டு செல்லுங்கள். வேண்டாமென்றால், ஃப்ரீசரில் அந்த இடத்தில் ஐஸ்கிரீம் வையுங்கள்.