பத்தாண்டு பழைய போலோ ஜிடி டிஎஸ்ஐ காரின் சஸ்பென்ஷனை 70,000 ரூபாய்க்குள் மேம்படுத்த எதை மாற்றலாம்?

நீங்கள் தந்த விவரங்களின்படி, வண்டி 2014 மாடல் போலோ ஜிடி டிஎஸ்ஐ, 95,000 கி.மீ. ஓடியிருக்கிறது. தினமும் கோவைக்குள் அலுவலகத்துக்கும், மாதம் ஒருமுறை வால்பாறைக்கும் போகிறீர்கள். வளைவில் அதிகம் சாய்கிறது, வேகத்தில் முன்பக்கம் மிதக்கிறது, சிறு பள்ளங்களில் ‘டொக் டொக்’ என்று சத்தம் வருகிறது. வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங் போடுவதா, விலை குறைந்த காயிலோவர் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தொகுப்பு) வாங்குவதா என்பது உங்கள் கேள்வி. அதே காரை அதே சாலைகளில் ஏழு ஆண்டுகளாக ஓட்டுபவன் என்ற முறையில், இரண்டுமே வேண்டாம் என்றுதான் சொல்வேன். தேய்ந்த ரப்பர் பாகங்களை மாற்றி, டயரைச் சரிபார்த்து, கம்பெனி உயரத்துக்கே உரிய தரமான ஷாக் அப்சார்பர்களை நான்கு சக்கரங்களுக்கும் போடுங்கள். ஸ்பிரிங் உடையாமலும் துருப்பிடிக்காமலும் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

ஸ்பிரிங்கின் வேலை வண்டியின் எடையைத் தாங்குவதும், பள்ளத்தில் விழும்போது வரும் அதிர்வை வாங்கிக்கொள்வதும்தான். வாங்கிய அதிர்வை ஆட்டமாகத் திருப்பித் தராமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். உள்ளே இருக்கும் எண்ணெய் சிறு வால்வுகள் வழியாக நெருக்கிக்கொண்டு போகும்போது அந்த ஆற்றல் வெப்பமாக மாறிவிடுகிறது. 95,000 கி.மீ. ஓடிய வண்டியில் பெரும்பாலும் தளர்ந்திருப்பது இந்த அடக்கும் திறன்தான், ஸ்பிரிங் அல்ல. நீங்கள் சொல்லும் மிதப்புக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஒரு நீண்ட வளைவில் வண்டி கடைசியில் எவ்வளவு சாய்ந்து நிற்கும் என்பதை ஸ்பிரிங்கும், இரு பக்கச் சக்கரங்களையும் இணைத்துச் சாய்வைத் தடுக்கும் கம்பியான ஆன்டி ரோல் பாரும்தான் தீர்மானிக்கின்றன. ஷாக் அப்சார்பர் தீர்மானிப்பது அந்தச் சாய்வு எவ்வளவு வேகமாக வருகிறது, வந்தபின் வண்டி ஆடாமல் நிற்கிறதா என்பதை. மலைப்பாதையில் ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்தது வந்துவிடுவதால், நம்பிக்கையைத் தருவது இந்த இரண்டாவது குணம்தான்.

செலவு செய்வதற்கு முன் ஒரு காலைப்பொழுதைச் சோதனைக்கு ஒதுக்குங்கள். மெதுவாகப் போகும்போது சிறு பள்ளங்களில் மட்டும் ‘டொக்’ என்று கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது, அந்த ஆன்டி ரோல் பாரைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் ஸ்டெபிலைசர் லிங்க் ராடு. செலவும் மிகக் குறைவு. நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு ‘டங்’ என்று விடுபட்டால் முன்பக்க ஷாக்கின் மேல்முனையை வண்டி உடலோடு பிணைக்கும் ஸ்ட்ரட் மவுண்டும் அதன் பேரிங்கும் போயிருக்கலாம். பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ ஸ்டீயரிங் சற்றுத் தடுமாறினாலோ சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் பின்பக்க இணைப்பில், ரப்பர் உருளையான புஷ்ஷைப் பாருங்கள். ரப்பரில் விரிசல் இருந்தால் டார்ச் வெளிச்சத்திலேயே தெரியும். அடுத்து, உள்ளங்கையை டயரின் மேற்பரப்பில் குறுக்காக, உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கும் பிறகு மறுபடி உள்பக்கத்துக்குமாக மெதுவாக ஓட்டுங்கள். ஒரு திசையில் வழுக்கிக்கொண்டும் மறு திசையில் ரம்பப் பல்போல் உறுத்திக்கொண்டும் இருந்தால் சக்கரங்களின் கோண அமைப்பான அலைன்மென்ட் விலகியிருக்கக்கூடும். கிண்ணம் கிண்ணமாகக் குழிந்திருந்தால் ஷாக் அப்சார்பர் சக்கரத்தைத் தரையில் அழுத்திப் பிடிக்கவில்லை என்று சந்தேகிக்கலாம். பானட்டை அழுத்திவிட்டு வண்டி எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணும் பழைய சோதனையை அதிகம் நம்ப வேண்டாம். முழுதாகச் செத்த ஷாக்கை அது காட்டிக்கொடுக்கும். பாதி தளர்ந்ததைக் காட்டாது.

ரப்பர் புஷ் மாற்றும் வேலையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அது தவறினால் போட்ட பணம் முழுதும் வீண். என் வண்டியில் லோயர் ஆர்ம் புஷ்களை முதன்முறை மாற்றிய பட்டறையில், வண்டி லிஃப்டில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஆர்ம் போல்ட்டுகளை முழு இறுக்கம் இறுக்கிவிட்டார்கள். சக்கரங்கள் காற்றில் இருக்கும்போது ஆர்ம் கீழ்நோக்கித் தொங்கும். அந்த நிலையில் இறுக்கினால் ரப்பர் அங்கேயே பிடித்துக்கொள்ளும். வண்டியைத் தரையில் இறக்கியதும் ஆர்ம் மேலே வர, ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் நின்று, ஒவ்வொரு பள்ளத்திலும் இன்னும் முறுக்கிக் கிழிகிறது. எட்டு மாதத்தில் அதே சத்தம் திரும்பி வந்தது. கழற்றிப் பார்த்தபோது புதிய புஷ்ஷின் ரப்பர், உள்ளிருக்கும் இரும்புக் குழாயை விட்டு அரைவட்டமாகப் பிய்ந்திருந்தது. இரண்டாவது முறை வேறொரு மெக்கானிக், போல்ட்டுகளைத் தளர்வாகப் போட்டு, சக்கரத்தின் கீழ் எடை ஏறிய பிறகே இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கினார். அந்தப் புஷ்கள் இன்றும் நன்றாக இருக்கின்றன. பின்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் டோர்ஷன் பீமின் இரண்டு பெரிய புஷ்களுக்கும் இதே விதிதான். வேலை கொடுப்பதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். கேள்வி புரியாத பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

டயரைப் பொறுத்தவரை, பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2318 என்று இருந்தால் அது 2018 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. டயரின் வரிப்பள்ளம் தேயாமல் இருந்தாலும் இத்தனை வயதான ரப்பர் இறுகிப்போயிருக்கும். உங்கள் டயர் அந்த வயதில் இருந்தால் முதல் செலவு அதற்கே. ஷாக் அப்சார்பருக்குச் சில மாதம் காத்திருந்தாலும் பாதகமில்லை. கம்பெனி அளவான 185/60 ஆர்15 போதுமானது, அதன் உயர்ந்த பக்கச்சுவர் நம் ஊர்ப் பள்ளங்களுக்கு ஒரு பாதுகாப்பும் கூட.

ஷாக் அப்சார்பரில் உங்களுக்கு மூன்று படிகள் இருக்கின்றன. கம்பெனி உதிரிபாகமோ, அதற்கு இணையான சாக்ஸ், மன்றோ போன்ற நிறுவனங்களுடையவையோ வண்டியைப் புதிதாக வாங்கிய நாளின் குணத்துக்குக் கொண்டுவரும். பில்ஸ்டீன் நிறுவனத்தின் பி4 உம் இதே வகைதான். அதற்கு மேல் பில்ஸ்டீன் பி6, ஒற்றைக் குழாய் வாயு அழுத்த வகை. கம்பெனி உயரத்துக்காகவே செய்யப்பட்டது, பிடிப்பு கூடுதல், சிறு பள்ளங்களில் சற்று இறுக்கமாகத் தெரியும், விலையும் கூடுதல். பி8 என்பது தாழ்த்திய வண்டிகளுக்கான குட்டையான வகை. விலை சரியாக அமைகிறதே என்று அதைக் கம்பெனி ஸ்பிரிங்கோடு போட்டுவிடாதீர்கள். உங்கள் தொகைக்கு முதல் படியை நான்கு சக்கரங்களுக்கும் போடுவது, உயர்ந்த படியை முன்பக்கம் மட்டும் போடுவதைவிட நூறு மடங்கு மேல். ஓட்டை போட்டு எண்ணெய் ஊற்றி வெல்டிங் வைத்துத் தரும் ‘ரீகண்டிஷன்’ ஷாக்குகளையும், சென்னைப் புதுப்பேட்டையில் கிடைக்கும் பழையவற்றையும் இந்த வண்டிக்கு எண்ணிக்கூடப் பார்க்க வேண்டாம்.

தாழ்த்தும் ஸ்பிரிங் மீதுள்ள ஆசை எனக்குப் புரிகிறது. நானும் ஒரு வருடம் அவற்றோடு ஓட்டியவன். இந்தியப் போலோவை நம் சாலைகளுக்காக உயர்த்தி, 168 மி.மீ. தரை இடைவெளியோடு விற்றார்கள். ஐரோப்பியப் போலோவுக்காகச் செய்த ஸ்பிரிங்கில் ‘30 மி.மீ. தாழும்’ என்று போட்டிருந்தால் அது அந்த ஊர் உயரத்திலிருந்து கணக்கிட்டது. நம் வண்டியில் அதைவிட அதிகம் இறங்கும். இறங்கியதும் முன்பக்கத்தில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக அமைந்த மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் வடிவமைப்பில் லோயர் ஆர்ம் கிடைமட்டத்தைத் தாண்டி மேல்நோக்கிச் சாயலாம். அப்போது வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர் எனப்படும் சாய்வு மையம் வண்டியின் எடை மையத்தைவிட அதிகமாகக் கீழே போகிறது. இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் கூடக் கூட வண்டியைச் சாய்க்கும் விசையும் கூடும். ஆகவே ஸ்பிரிங் இறுகியதால் கிடைத்த பலனில் ஒரு பகுதி அங்கேயே கழிந்துவிடுகிறது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில், தார் பெயர்ந்த ஓர் இடத்தில், பாதி வளைவில் என் முன்சக்கரம், சஸ்பென்ஷன் மேலே ஏறுவதற்கு எல்லையாக வைத்த ரப்பர் தடுப்பான பம்ப் ஸ்டாப்பில் போய் முட்டியது. அந்த நொடியில் ஸ்பிரிங் இல்லாத வண்டிபோல் ஆகி, முன்பக்கம் ஓரடி வெளியே வழுக்கியது. எதிரில் பேருந்து வரவில்லை. அடுத்த வாரமே பழைய ஸ்பிரிங்கை மாட்டிவிட்டேன்.

கம்பெனி ஸ்பிரிங்கை அறுத்துத் தாழ்த்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஐந்து சுற்றில் ஒன்றை அறுத்தால் இறுக்கம் 25 சதவீதம் கூடும், ஆனால் அதற்கேற்ற ஷாக் அப்சார்பர் இருக்காது. சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு விலகவும் கூடும். விலை குறைந்த காயிலோவர்களில் உயரத்தை மாற்றும் மரை நன்றாகவே இருக்கும், உள்ளே இருக்கும் வால்வுதான் மட்டமாக இருக்கும். நீங்கள் பணம் கொடுப்பதோ அந்த வால்வுக்காக. இவை தவிர, தயாரிப்பாளர் தந்த அடிப்படை விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றுவதற்கு 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆவது பிரிவில் தடை இருப்பதையும், விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் அதைக் கேள்வி கேட்க முடியும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஷாக் அப்சார்பர் மாற்றும் நாளிலேயே ஸ்ட்ரட் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், தூசி உறை ஆகியவற்றையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். பின்னால் தனியாகச் செய்தால் அதே கூலியை இன்னொரு முறை கொடுக்க வேண்டிவரும். முடிந்ததும் அலைன்மென்ட் அவசியம். இந்த வண்டியில் முன்பக்க டோவை (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவை) மட்டும்தான் நேரடியாகத் திருத்த முடியும் என்பதால், பின்பக்கத்துக்கும் தனியாகக் கட்டணம் கேட்டால் என்ன திருத்தினார்கள் என்று அச்சிட்ட தாளைக் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழைய ஷாக்குகளைக் கேட்டு வாங்கி, நிமிர்த்திப் பிடித்து, கம்பியைக் கையால் உள்ளே அழுத்திப் பாருங்கள். வாயு நிரப்பிய நல்ல ஷாக் சீரான எதிர்ப்போடு இறங்கி, விட்டதும் தானாக மெல்ல எழும். என் வண்டியிலிருந்து கழற்றிய முன்பக்க ஷாக்குகளில் ஒன்று அழுத்திய இடத்திலேயே நின்றுவிட்டது.